தண்ணீர்ப் பந்தின் கீழ்ப்பக்கம்

நான் வேலை செய்த ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் கதைத்தாள். நான் இருந்த கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாளாம். தலை ஸ்கேன்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துச் சரிபிழை சொல்லும் வேலையை இனிக் கணினியே செய்யப் போகிறது, காலையில் போட்டால் பின்னேரம் முடிந்துவிடும் என்றாள். "எல்லாத் தலையையும் நீங்களே பார்த்தனீங்களாம் மிஸ், உண்மையா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பிரிவு வெளியிடப் போகும் மலருக்கு அதைப் பற்றி எழுதித் தரச் சொன்னாள். எழுத இருந்தால் என் நினைவுக்கு ஒரேயொரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அதையே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். பெயர் ஃபரீதா. கணிதம் படித்து முடித்த கையோடு, வடக்கு முஸ்லிம்களான எங்கள் ஆட்கள் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட நேரம், உம்மாவோடும் தங்கச்சியோடும் புத்தளம் பக்கம் வந்து சேர்ந்தேன். முதலில் ஆலங்குடாவில் ஓலைக் கொட்டில். பிறகு கொழும்பில் ஒரு திணைக்களத்தில் புள்ளிவிபர உத்தியோகம். உம்மாவுக்கு நோய் வருத்தம் கூடியபோது உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆலங்குடாவுக்குத் திரும்பினேன். யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் உம்மா மௌத்தாகிவிட்டார். தங்கச்சி குடும்பம் ஊருக்குத் திரும்பிப் போனது. என்னையும் வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று தங்கச்சி இன்றைக்கும் கேட்கிறாள். அங்கே போனால் நான் விருந்தாளி. இங்கேயும் இத்தனை வருடமாக விருந்தாளிதான். இரண்டில் பழகிய இடம் இது.

அந்த நேரத்தில்தான் டொக்டர் தேவகி மதுரங்குளியில் ஒரு வன்பொருள் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து, கணக்குத் தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்தார். கொழும்பில் மூளை பற்றிப் படிப்பிப்பவர். ஐம்பது தாண்டியவர், மெலிந்த உருவம், வெள்ளைப் பருத்திச் சேலை. அவருடைய ஆராய்ச்சியைச் சொல்வது சுலபம். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து இந்தக் கரையோரத்தில் வாழ்கிறவர்கள் ஒரு கூட்டம். அதே வயதில், அதே தொழிலில், பரம்பரையாக இங்கேயே இருக்கிறவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்தையும் ஸ்கேன் செய்து, பெரும் இழப்பு மூளையில் ஏதாவது அடையாளம் வைத்துவிட்டுப் போகிறதா என்று பார்ப்பது. ஸ்கேன் மெசின் சிலாபத்துக்கு அப்பால் ஒரு தனியார் நிலையத்தில் இருந்தது. ஆட்களைக் கூட்டி வேனில் ஏற்றிப் போவது ஜெமீல் நானாவின் பொறுப்பு. அவர் புத்தளத்து ஆள். எந்த வீட்டுப் படியிலும் உரிமையோடு ஏறக்கூடியவர்.

நேர்முகத்தில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, நான் எந்த ஊர் என்பது. சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீங்கள் இந்த ஆராய்ச்சியில் படுக்கக்கூடிய ஆளும்தான். ஆனால் இரண்டு பக்கமும் இருக்க ஏலாது. மெசினுக்குள்ள போறதோ, கணக்குப் பார்க்கிறதோ, ஒன்றைத் தெரிவு செய்யுங்கோ" என்றார். நான் கணக்கைத் தெரிவு செய்தேன்.

வேலையை அவர்தான் பழக்கினார். ஒரு ஸ்கேன் வந்தால் முதல் வேலை முகத்தை அழிப்பது. தலையைப் படம் பிடித்தால் மூக்கும் கன்னமும்கூட அதில் வந்துவிடும், தெரிந்தவர் பார்த்தால் அடையாளம் கண்டுபிடிப்பார். ஆகவே நெற்றிக்குக் கீழே, முன்பக்கத்தைச் சீவி எடுத்துவிட வேண்டும். பெயருக்குப் பதில் ஓர் இலக்கம். பிறகு தலை அசைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் படத்தில் குளத்தில் கல் விழுந்த மாதிரி வளையங்கள் தெரியும். இருமல்காரர்கள், பயந்தவர்கள், மூத்தவர்கள் எல்லோரிலும் வளையம் வரும். அதன்பிறகு ஒவ்வொரு மூளையையும் ஒரு பொது மாதிரி மூளைக்குள் பொருத்த வேண்டும். நீட்டமானதைக் குறுக்கி, சரிந்ததை நிமிர்த்தி, எல்லோருடைய அதே இடமும் ஒரே இடத்தில் விழும்படி செய்ய வேண்டும். கணினி தானாகச் செய்யும்தான். ஆனால் சில தலைகளில் அது தவறான மடிப்பைப் பிடித்துக்கொள்ளும், அதைக் கண்ணால்தான் கண்டுபிடிக்கலாம். கடைசியில் மூளை முழுவதும் சீனிக்கட்டியை விடச் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு கட்டியிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

அங்கேதான் டொக்டர் மிகக் கண்டிப்பு. அவ்வளவு கட்டிகளிடம் அதே கேள்வியைக் கேட்டால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சில கட்டிகள் சும்மா 'ஓம்' என்று கை தூக்கும். எந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "ஒன்றுமே இல்லாவிட்டால் இது எப்படி இருக்கும்?" அதற்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. யார் எந்தக் கூட்டம் என்ற அடையாளத்தைக் குலுக்கி, ஆட்களைக் கண்டபடி இரண்டாகப் பிரித்து, அதே கணக்கைத் திரும்பச் செய்வது. மீண்டும் குலுக்கி மீண்டும் செய்வது. ஆயிரக்கணக்கான தடவை. குலுக்கிய கூட்டங்களிலும் அதே அளவு வித்தியாசம் அடிக்கடி வந்தால், எங்கள் வித்தியாசத்தில் ஒன்றுமில்லை.

எனக்கு எந்த இலக்கம் எந்தக் கூட்டம் என்றும் தெரியாது. நீலம், பச்சை என்று மட்டும் குறித்துத் தருவார். நீலம் யார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். 'நல்லது' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சரியாக இருந்தால் அடுத்த வேலையைச் சொல்வார், அதுதான் பாராட்டு. மத்தியானத்தில் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை வெறும் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடுவார். கொழும்பிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். மற்ற நாட்களில் மேல்மாடியில் நான் தனியாக இருந்தேன். கீழே ஆணியும் கம்பியும் நிறுக்கும் சத்தம் கேட்கும். எனக்கு முன்னால் இலக்கம் போட்ட, முகம் சீவிய தலைகள். சந்தையில் மீன் வாங்கும்போது பக்கத்தில் நிற்கிற ஆளின் மூளையைக் காலையில் பார்த்திருப்பேனோ என்று தோன்றும். அவர்களுடைய தலைக்குள் எனக்குத் தெரியாத மடிப்பு இல்லை. ஆனால் ஒருவரோடும் நின்று கதைத்ததில்லை.

ஒரே ஒருவரைத் தவிர. சபுரா ராத்தா. அண்ணனை நானா என்கிற மாதிரி, அக்காவை நாங்கள் ராத்தா என்போம். இரண்டு வளவு தள்ளி இருந்தவர், யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்துத் தெரு. கருவாடு காயப்போட்டு விற்கிறவர். வெளியேறி வந்த வழியில் அவருடைய கைக்குழந்தை காய்ச்சலில் மௌத்தானது. அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. டொக்டர்மார் வைட்டமின் கொடுத்தார்கள். புருஷன், நீ யோசிச்சு யோசிச்சுத்தான் இப்படி ஆகினாய் என்பார். ஜெமீல் நானாவின் வேனில் முதலில் பெயர் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். மெசினுக்குள் படுத்துவிட்டு வந்த பிறகு, வேலியோரம் என்னைக் காணும் நேரமெல்லாம் கேட்பது, தெரிந்துதா என்பதுதான். எனக்குத் தெரியாது ராத்தா, எல்லாம் முடிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

ஸ்கேன் எல்லாம் முடிந்து, கணக்கும் முடிந்தது. மூளையின் கீழ்ப்பக்கத்தில் ஞாபகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி இருக்கிறது. வளைந்த வடிவத்துக்காக அதைக் கடற்குதிரை என்பார்கள். அந்த இடத்தில், இரண்டு பக்கமும், நீலக் கூட்டத்துக்குப் பச்சைக் கூட்டத்தை விடச் சிறிதாக இருந்தது. குலுக்கிப் பார்த்தேன். குலுக்கிய எந்தக் கூட்டத்திலும் அப்படி வரவில்லை என்றே சொல்லலாம். டொக்டர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார், நான் குலுக்கலைக் காட்டினேன். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கடித உறையைப் பிரித்து, "நீலம் உங்கட ஆக்கள்" என்றார்.

நான் எழும்பி ஜன்னலுக்குப் போனேன். கொழும்பு பஸ் ஒன்று சந்தியில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அது துக்கம் என்று சொல்ல மாட்டேன். ஓலைக் கொட்டிலையும், கிணற்றடியில் வரிசையில் நின்றதையும், 'வந்த ஆக்கள்' என்று எங்களுக்குப் பெயர் விழுந்ததையும் யாரோ கடைசியில் கண்டுவிட்டார்கள் என்ற மாதிரி இருந்தது.

டொக்டர் அந்த முடிவை வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். ஆராய்ச்சியின் அடுத்த கட்டத்துக்கு அதைக் காட்டித்தான் பண உதவி கேட்கலாம் என்ற நிலைமை. ஜெமீல் நானா காதில் விழுந்த செய்தி எங்கள் குடியேற்றக் கிராமம் முழுக்கப் பரவியது. சபுரா ராத்தா வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, "படத்தில தெரியுதாம் எண்டு சொல்றாங்க. உண்மையா புள்ள?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனி என்ட மனுசன் வாய் திறக்கட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாநாட்டுக் கட்டுரையில் மெசினைப் பற்றி ஒரு பந்தி எழுத வேண்டியிருந்தது. எல்லோரையும் ஒரே மெசினில்தான் எடுத்தோம் என்று உறுதிப்படுத்த, நிலையத்தில் மெசின் இயக்குகிற நிமலோடு தொலைபேசியில் பேசினேன். சிங்களமும் தமிழும் கலந்து கதைக்கிற, நல்ல மனுசன். ஒரே மெசின்தான் மிஸ், நடுவில் ஒரு பாகம் பழுதாகி மாற்றினோம், மாற்றிய பிறகு நன்றாக ஓடுகிறது என்றார். எப்போது மாற்றியது என்று கேட்டேன். சொன்னார். ஆட்களை எடுத்த வரிசையை எடுத்துப் பார்த்தேன். பச்சைக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் அதற்கு முன்னால். ஜெமீல் நானா தன் ஊர் ஆட்களை முதலில் கூட்டிப் போயிருந்தார். எங்கள் ஆட்கள் அந்த மாதங்களில் காணி பார்க்கவென்று வடக்குக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். சபுரா ராத்தா மாதிரிச் சிலர் தவிர மற்றவர்கள் எல்லோரும் பிறகுதான்.

குலுக்கல் இதைப் பிடிக்காது. குலுக்கல் தற்செயலைத்தான் பிடிக்கும். கூட்டத்தோடு சேர்ந்தே வேறொன்றும் மாறியிருந்தால், அது பேசாமல் இருந்துவிடும்.

டொக்டர் தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்திருந்தார். கிழமைக்கு ஒரு தடவை, ஆள் இல்லாத நேரத்தில், தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பந்தை மெசினுக்குள் வைத்துப் படம் எடுக்க வேண்டும். மெசின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான். நிமல் ஒருகிழமையும் தவறவிடவில்லை. படங்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்த்தோமே தவிர, அளந்து பார்த்ததில்லை. தலைகளே தலைக்கு மேல் இருந்தன.

அந்தப் பந்துகளை எல்லாம் வரிசையாக எடுத்து அளந்தேன். முழுப் பந்தும் ஒரே மாதிரிச் சுருங்கியிருந்தால் கவலையில்லை. தலையின் மொத்த அளவையும் கணக்கில் எடுத்திருந்தபடியால் அது சரிவந்திருக்கும். ஆனால் பாகம் மாற்றிய கிழமையிலிருந்து பந்தின் கீழ்ப்பக்கம் மட்டும் மெல்லிதாக அமுங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, அளந்தால் தெரியும். கடற்குதிரை படுத்திருக்கிற உயரத்தில், ஏறக்குறைய அதே அளவுக்கு. வீட்டை விட்டு வெளியேறாத, பிள்ளையைப் பறிகொடுக்காத ஒரு தண்ணீர்ப் பந்து, எங்கள் ஆட்களைப் போலவே சுருங்கியிருந்தது.

பந்தின் அமுக்கத்தைக் கழித்துக் கணக்கைத் திரும்பச் செய்தேன். படத்தில் வித்தியாசத்தைக் காட்டி நின்ற நிறம் போய்விட்டது. பாகம் மாற்றிய பிறகு எடுத்தவர்களை மட்டும் எடுத்து இரண்டு கூட்டமாகப் பார்த்தேன். அதில் பச்சைக் கூட்டத்து ஆட்கள் மிகக் குறைவு. உண்டென்றும் சொல்ல ஏலாது, இல்லையென்றும் சொல்ல ஏலாது. நான் கணினியை நிறுத்தாமல் அப்படியே இருந்தேன். அந்த அறையில் அன்றைக்கு என்னோடு யாராவது இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். யாராவது, எந்த விஷயமும் தெரியாத ஆளாக இருந்தாலும் பரவாயில்லை.

டொக்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நான் விளக்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். என் கதிரையில் இருந்து, பந்தின் படங்களை முதலிலிருந்து தானே திறந்து, தானே அளந்தார். மத்தியானம் தாண்டியது. பிஸ்கட்டைத் தொடவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்த முடிவு உண்மையாக இருக்க வேணும் எண்டு நான் விரும்பினேன்" என்றார்.

"நானும்தான் டொக்டர்."

"உங்களுக்கு அதுக்கு உரிமை இருக்கு. எனக்கு இல்லை."

பிறகு என் முன்னாலேயே மாநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதி, கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், காரணம் என்ன என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அடுத்த கட்டத்துக்கான உதவி தள்ளிப்போனது. பிற்காலத்தில் இரண்டு கூட்டத்தையும் மாறி மாறிக் கலந்து எடுத்துத் திரும்பச் செய்தோம். வந்த முடிவு சின்னது, அடக்கமானது, பத்திரிகையில் வருகிற மாதிரியானதல்ல. அது வேறு கதை.

அந்தக் கடிதத்தை விடக் கஷ்டமான வேலை, ஆட்களுக்குச் சொல்வது. ஜெமீல் நானா தான் சொல்கிறேன் என்றார். டொக்டர் சம்மதிக்கவில்லை. எங்களை நம்பி மெசினுக்குள் படுத்தவர்கள், நாங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு குடியேற்றத்துச் சங்க மண்டபத்தில் கூடினார்கள். பாய் விரித்து நிறையப் பேர். டொக்டர்தான் தொடங்கினார். அவருடைய பேச்சு ஆட்களுக்குப் பிடிபடவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் பந்தின் கதையைச் சொன்னேன். மெசின் கொஞ்சம் கோணலாகிவிட்டது, அந்தக் கோணல்தான் படத்தில் தெரிந்தது என்றேன்.

முன்வரிசையில் ஒரு மீன்பிடிகாரர், தாடி நரைத்தவர், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். "அப்ப எங்களுக்கு ஒண்டும் நடக்கல்ல எண்டா சொல்றீங்க?" என்றார்.

"இல்ல நானா. நடந்தது நடந்ததுதான். இந்த மெசினால அதைக் காண ஏலாமப் போச்சு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்."

சிலர் எழும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் சபுரா ராத்தா இருந்தார். அவர் கேட்டது சத்தமாக இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப எனக்கு ஏன் புள்ள நித்திரை வருதில்ல?"

"தெரியாது ராத்தா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் அங்க இருந்து வந்தவதானே. ஒனக்கு வருதா?"

நான் டொக்டரைப் பார்க்கவில்லை. "இல்ல ராத்தா" என்றேன்.

"எப்ப இருந்து?"

"வந்த நாளில இருந்து."

அவர் பாயில் கொஞ்சம் நகர்ந்தார். "அப்ப ஏன் அங்க நிக்கிற? இங்க வந்து இரி."

போய் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து எனக்கு இடம் விட்டார். முன்னால் டொக்டர் மட்டும் தனியாக நின்றார். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்ல, ஆட்கள் கலைந்தார்கள்.

வேன் முதலில் என் வீட்டுக்கு வந்தது. நான் இறங்கியபோது டொக்டரும் இறங்கினார். ஒரு தேத்தண்ணி தருவீங்களா என்று கேட்டார். அத்தனை வருடத்தில் அவர் என் வீட்டுக்குள் வந்ததில்லை. குசினி அடுப்படியில் இருந்த ஒரே கதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு, நான் அரிசிப் பெட்டியின் மேல் இருந்தேன்.

"நித்திரை வாறதில்லை எண்டு நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே" என்றார்.

"நீங்கள் கேட்கேல்லை டொக்டர்."

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். ஸ்கேனுக்கு முன்னால் எல்லோரிடமும் நித்திரையைப் பற்றிக் கேட்கிற கேள்விகளை அவர்தான் எழுதியவர், தாள் தேவைப்படவில்லை. ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டார். படுத்தால் எவ்வளவு நேரத்தில் கண் மூடும், விழித்தால் என்ன நினைப்பு வரும், எந்தச் சத்தம் எழுப்பும். ஒன்றையும் அவர் குறிக்கவில்லை. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். யாரிடமும் சொல்லாதவற்றையும் சொன்னேன்.

கடைசிக் கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அதற்கு வந்த பதில்களைக் கணினியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நித்திரை வராத நாட்களில் யாரோடு கதைப்பீர்கள் என்பது அது. புருஷன், மகள், பக்கத்து வீட்டார், மௌலவி என்று இரண்டு கூட்டத்திலும் ஏறக்குறைய எல்லோரும் ஓர் ஆளைச் சொல்லியிருந்தார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"சபுரா ராத்தாவோட" என்றேன்.

அது அப்போது உண்மையில்லை. அடுத்த நாள் பின்னேரம் அவர் கருவாடு காயப்போடும் பந்தலடிக்குப் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். அவர் மௌத்தாகும்வரை போய்க்கொண்டிருந்தேன்.